அந்த வாளித் தண்ணீரை ஊற்றியவள் எழுதுகிறேன்

பெறுநர்: கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, புளியந்தோப்பு, காசிமேடு, இன்னும் வடசென்னையின் எல்லாத் தெருக்களிலும் இருக்கிற மகளிர் குழுக்கள், இளைஞர் மன்றங்கள், கோயில் விழாக் குழுக்கள்.

அன்புள்ள அக்கா தங்கைகளுக்கும் அண்ணன் தம்பிகளுக்கும்,

2003ஆம் வருஷம், ஆடி மாதம். விடிந்தால் சனிக்கிழமை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெரு அம்மனுக்குக் கூழ் வார்க்க வேண்டும். ராத்திரி மூன்று மணிக்கு மேல் எங்கள் வாசலுக்கு நேரே ஒரு பையனை வெட்டிப் போட்டுவிட்டு ஓடினார்கள். துறைமுகத்தில் மூட்டை ஏற்றுகிற வேலை பார்த்தவன். 23 வயது. நான்கு வீடு தள்ளி இருக்கிற அக்காவின் ஒரே மகன். சத்தம் கேட்டு ஓடி வந்த ஆண்கள் கோயில் பக்கத்திலிருந்து ஒரு ஆட்டோவைக் கொண்டுவந்து, எங்கள் வாசலிலேயே அவனை ஏற்றி ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வழியிலேயே உயிர் போய்விட்டது.

போலீஸ் வந்தார்கள், பார்த்தார்கள், ஒரு காவலரை நிறுத்திவிட்டுப் போனார்கள். ஐந்தரை மணிக்கு நான் கதவைத் திறந்தபோது அவரும் டீ குடிக்கப் போயிருந்தார். தினமும் நான் வாசல் தெளிக்கிற நேரம் அது. அந்த அக்கா திரும்பி வரும்போது இதைப் பார்க்கக் கூடாது என்று ஒரு நினைப்பு. பிள்ளைகள் இதை மிதித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போகுமே என்று இன்னொரு நினைப்பு. நாளைக்குக் கூழுக்கு ஊரே வரும். வாளியை எடுத்தேன். பிளீச்சிங் பவுடர் போட்டேன், தென்னந்துடைப்பத்தால் தேய்த்தேன், பினாயில் ஊற்றினேன். சுவரில் என் கை எட்டுகிற வரைக்கும் தேங்காய் நாரால் துடைத்தேன். தெருமுனை வரைக்கும் சொட்டுச் சொட்டாகப் போயிருந்த ரத்தத்தையும் விடவில்லை. பக்கத்து வீட்டுப் பெரியம்மா, 'நல்ல காரியம் பண்ணேம்மா' என்றார்.

பத்து மணி வாக்கில் ஒரு அம்மா வந்தார். காட்டன் புடவை, தோளில் ஒரு பை, கையில் ஒரு பெட்டி. கூட ஒரு புகைப்படக்காரர். தடய அறிவியல் துறையிலிருந்து வந்திருப்பதாக இன்ஸ்பெக்டர் சொன்னார். அந்த அம்மா ஈரமாக இருந்த சிமென்ட் தரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். அப்புறம் நிமிர்ந்து, 'யாரும்மா தண்ணி ஊத்துனது?' என்று கேட்டார். நான்தான் என்றேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் திட்டவில்லை. 'எங்கேருந்து எங்க வரைக்கும் ஊத்துனீங்க, நடந்து காட்டுங்க' என்றார். நான் நடக்க நடக்க நோட்டில் படம் போட்டுக்கொண்டார்.

பிறகு வெயிலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். சிமென்ட் விரிசல் ஒவ்வொன்றாகக் கண்ணாடி வைத்துப் பார்த்தார். ஓர் இடத்தில் உளி வைத்துச் சின்னதாகப் பெயர்த்து ஒரு காகித உறையில் போட்டார். கறையே இல்லாத இன்னோர் இடத்திலும் அதே மாதிரி பெயர்த்து வேறு உறையில் போட்டார். அது எதற்கு என்று எனக்கு அப்போது புரியவில்லை. கடைசியில் எங்கள் வீட்டு முக்காலியைக் கேட்டு வாங்கி, அதன் மேல் ஏறி, சன்ஷேடுக்குக் கீழே அண்ணாந்து பார்த்தார். மூன்று பொட்டு ரத்தம் அங்கே இருந்தது. எனக்கு எட்டாத உயரம். அதை மட்டும் அவ்வளவு பத்திரமாகப் பஞ்சில் ஒற்றி எடுத்தார். மூன்று மணி நேரம் ஆனது. நாங்கள் கொடுத்த மோரைக் கையுறையைக் கழற்றிவிட்டுத் தள்ளிப் போய் நின்று குடித்தார். தெருப் பையன்கள் சிலர், 'வெட்டுனவனப் புடிக்கறத விட்டுட்டுத் தரைய நோண்டுறாங்க' என்று அவர் காதுபடவே சொன்னார்கள்.

வழக்கு பல வருஷம் நடந்தது. ஐந்து பேர் மேல் குற்றம் சாட்டினார்கள். பார்த்தவர்கள் கூண்டில் ஏறி, பார்க்கவில்லை என்றார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், அதே தெருவில் பிள்ளை குட்டியோடு வாழ வேண்டியவர்கள். சம்பவ இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதுகிற பார்வை மகஜரில் என் வீட்டுக்காரர் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருந்தார். எதிர்த் தரப்பு வக்கீல் அவரிடம் கேட்டது ஒரே கேள்விதான்: சம்பவ இடம் என்று சொல்லப்படுகிற அந்த இடம் போலீஸ் மகஜர் எழுதுவதற்கு முன்பே கழுவப்பட்டிருந்தது, சரிதானே? ஆமாம் என்றார். வேறு என்ன சொல்ல முடியும்? தரையிலிருந்து எடுத்தது மனித ரத்தம்தான், ஆனால் ரத்த வகை கண்டறிய முடியவில்லை என்று அறிக்கை வந்திருந்தது. ஐந்து பேரும் விடுதலை.

இத்தனை வருஷம் கழித்து இதை ஏன் எழுதுகிறேன் என்றால், என் தங்கை மகள் தடய அறிவியல் முதுகலை படிக்கிறாள். போன பொங்கலுக்கு வந்திருந்தபோது இந்தக் கதையை அவளிடம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் ஒரு கேள்வி கேட்டாள். 'பெரியம்மா, அந்த அண்ணன் உங்க வாசல்லயே விழுந்துட்டாரு. ஆட்டோவும் கோயில் பக்கம் இருந்து வந்து அவர அங்கயே ஏத்திட்டு அந்தப் பக்கமாவே போயிடுச்சு. அப்போ தெருமுனை வரைக்கும் சொட்டுனது யாரு ரத்தம்?'

இருபது வருஷமாக எனக்கு இது தோன்றவே இல்லை.

அவள் விளக்கினாள். கத்தியால் வேகமாகக் குத்துகிறவன் கை ரத்தத்தில் வழுக்கும். பிடியிலிருந்து நழுவி அவன் விரலையே அறுத்துக்கொள்வது அடிக்கடி நடப்பது. அப்படி அறுபட்டிருந்தால் அவன் ஓடுகிற வழியெல்லாம் அவன் ரத்தமே அவனைக் காட்டிக்கொடுக்கும். ஒருவேளை கத்தியிலிருந்து சொட்டிய ரத்தமாகவும் இருக்கலாம். எதுவென்று சொல்ல அந்தச் சொட்டுகள் இருந்திருக்க வேண்டும். நேராக விழுந்த சொட்டு வட்டமாக இருக்கும். சாய்ந்து வந்து பட்ட சொட்டு முட்டை வடிவத்தில் நீண்டிருக்கும், அதன் வால் ரத்தம் எந்தப் பக்கமாகப் போனதோ அந்தப் பக்கம் காட்டும். சொட்டின் அகலத்தை நீளத்தால் வகுத்து, அது எந்தக் கோணத்தில் வந்து பட்டது என்று கணக்குப் போட்டுவிடலாமாம். ஓங்குகிற கத்தியிலிருந்து தெறிக்கிற ரத்தம் சுவரிலும் கூரையிலும் வரிசையாகப் படியும். எங்கள் சன்ஷேடுக்குக் கீழே இருந்த மூன்று பொட்டு அப்படி ஒரு வரிசையின் கடைசியாக இருந்திருக்கலாம் என்றாள். வரிசையின் முன்பகுதி முழுக்க நான் நாரால் துடைத்த சுவரில் இருந்தது.

கழுவினால் ரத்தம் முழுக்கப் போய்விடாது, அதையும் சொன்னாள். சிமென்ட் விரிசலிலும் கதவு நிலைக்கு அடியிலும் தங்கும். லுமினால் என்று ஒரு மருந்தைத் தெளித்து இருட்டில் பார்த்தால் நீலமாக ஒளிரும். ஆனால் பிளீச்சிங் பவுடர் பட்ட இடமும் அதே மாதிரி ஒளிரும். எது ரத்தம், எது என் சுத்தம் என்று பிரித்துப் பார்க்கிற வேலையை நாமே அவர்கள் தலையில் வைக்கிறோம். அப்படியே ரத்தம் என்று தெரிந்தாலும், எப்படி விழுந்தது, எந்தப் பக்கம் போனது என்பதெல்லாம் வாளித் தண்ணீரோடு சாக்கடைக்குப் போயாயிற்று. கறை இல்லாத சிமென்டை எதற்கு எடுத்தார்கள் என்று கேட்டேன். பரிசோதனையில் தெரிகிறது ரத்தத்தால்தானா, அந்தச் சிமென்டிலேயே இருக்கிற எதாலாவதா என்று ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும் என்றாள். நம் ஊர்க் கொலை வழக்குகளின் சான்றுப் பொருள் பட்டியலில் 'ரத்தக்கறை படிந்த மண், ரத்தக்கறை இல்லாத மண்' என்று ஜோடியாக வருவது அதனால்தான்.

இதையெல்லாம் உங்களுக்கு நான் எழுதுவது பாடம் நடத்துவதற்காக இல்லை. வடசென்னை என்றாலே வெட்டு, குத்து, ரவுடி என்று சினிமாவும் செய்தியும் காட்டிக் காட்டி நம்மைப் பார்க்கிறவர்கள் முகமே மாறிப் போயிருக்கிறது. நம் தெருவில் ஒரு கொலை நடந்தால் முதலில் என்ன நடக்கும் என்று நம் எல்லாருக்கும் தெரியும். ஏற்கெனவே ஒரு கேஸ் இருக்கிற பையன்களை வீட்டில் வந்து தூக்குவார்கள். அதே நேரத்தில் வெட்டியவன் எங்கேயோ இருப்பான், அவனுக்குப் பதிலாக வேறு யாராவது கோர்ட்டில் போய்ச் சரணடைவான். யார் வெட்டினார்கள் என்பதை வாய் வார்த்தையை மட்டும் வைத்து முடிவு செய்கிற வரைக்கும் இது மாறாது. வாய் பயப்படும், வாய் விலை போகும். அந்த முக்காலி மேல் ஏறி நின்ற அம்மாவுக்கு யார் மேலும் விரோதம் கிடையாது. அவர் எடுத்துப் போகிற பஞ்சு, 'இவன்தான்' என்று சொல்கிற அதே திடத்தோடு 'இவன் இல்லை' என்றும் சொல்லும்.

இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்துப் பக்கம் 1983லும் 1986லும் 15 வயதுச் சிறுமிகள் இரண்டு பேரைக் கெடுத்துக் கொன்றுவிட்டார்கள். 17 வயதுப் பையன் ஒருவனைப் பிடித்தார்கள், அவன் ஒரு கொலையை ஒப்புக்கொண்டான். அப்போதுதான் டி.என்.ஏ. பரிசோதனை புதிதாக வந்திருந்தது. அதை வைத்துப் பார்த்தபோது இரண்டையும் செய்தது ஒரே ஆள், ஆனால் அந்த ஆள் இந்தப் பையன் இல்லை என்று தெரிந்தது. ஒரு கொலை வழக்கில் டி.என்.ஏ. முதன்முதலில் செய்த வேலையே, செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்ட ஒரு பையனை வெளியே கொண்டுவந்ததுதான். உண்மையான ஆளுக்கு 1988இல் தண்டனை கிடைத்தது.

எங்கள் தெரு வழக்கின் ஐந்து பேரில் ஒருவன் பின் தெருப் பையன். அவன் அன்றைக்கு அங்கே இல்லவே இல்லை என்று அவன் அம்மா இன்றைக்கும் சொல்கிறார். விடுதலை ஆகியும் அவனுக்குப் பெண் கொடுக்க யாரும் வரவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த அக்காவும் அந்த அம்மாவும் ஒரே ரேஷன் கடை வரிசையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறார்கள். அந்தச் சொட்டுகள் இருந்திருந்தால் இரண்டு பேரில் ஒருவருக்காவது ஒரு பதில் கிடைத்திருக்கும். ஒருவேளை இரண்டு பேருக்குமே.

இந்த வேலைக்கும் நம் ஊருக்கும் பழைய உறவு உண்டு. இந்தியாவிலேயே இப்படிப்பட்ட முதல் ஆய்வகம் 1849இல் இங்கே சென்னையில்தான் வந்தது, ரசாயனப் பரிசோதகர் என்ற பெயரில். அதன் வழி வந்ததுதான் இன்றைக்கு மயிலாப்பூரில் காமராஜர் சாலையில் இருக்கிற தடய அறிவியல் துறை. ராயபுரத்துப் பெரியவர்களுக்கு 1952இல் நடந்த ஆளவந்தார் கொலை நினைவிருக்கும், அல்லது அவர்கள் அப்பா அம்மா சொல்லிக் கேட்டிருப்பார்கள். பாரிமுனைப் பக்கம் கடை வைத்திருந்தவர் காணாமல் போனார். தலையில்லாத உடல் ஒன்று ரயில் பெட்டிக்குள், ஒரு டிரங்குப் பெட்டியில், மானாமதுரையில் கிடைத்தது. தலை ராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. கல்லறைச் சாலையில் ஒரு வீட்டில் நடந்த கொலை அது. இரண்டு இடத்தில் கிடைத்த இரண்டும் ஒரே ஆளுடையவை, அந்த ஆள் இன்னார் என்று சென்னை மருத்துவக் கல்லூரியின் தடயவியல் மருத்துவர் பல்லையும் காதுத் துளையையும் வைத்துச் சொன்னார். கைரேகையும் ஒத்துப்போனது. டி.என்.ஏ. என்ற பேச்சே இல்லாத காலம். 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியைக் கொன்ற குண்டு வெடித்தபோது, இறந்துபோன புகைப்படக்காரரின் உடலோடு கிடந்த கேமரா சேதமாகாமல் கிடைத்தது. அதிலிருந்த படங்களும், அங்கே சிதறிக் கிடந்த துணியும் கம்பியும்தான் வழக்கின் அடித்தளம். நம் தடய அறிவியல் துறையின் இயக்குநராக இருந்த பி.சந்திரசேகரன் அந்தத் துண்டுகளைச் சேர்த்து வைத்து, குண்டு ஒரு பெண் உடம்பில் பெல்ட்டாகக் கட்டப்பட்டிருந்தது என்று கண்டுபிடித்தார். அந்தக் கேமராவை யாராவது கையில் எடுத்துக்கொண்டு போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, நாம் என்ன செய்ய வேண்டும் என்று வருகிறேன்.

ஆளுக்கு உயிர் இருந்தால் வேறு எதையும் யோசிக்காதீர்கள். 108க்குக் கூப்பிடுங்கள், இல்லாவிட்டால் கிடைத்த வண்டியில் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். தடயம் கெட்டால் கெடட்டும். யார் யார் தூக்கினீர்கள், எந்த வழியாக நடந்தீர்கள், என்ன செருப்புப் போட்டிருந்தீர்கள் என்று பிறகு வருகிற அதிகாரியிடம் சொன்னால் போதும், அவர்கள் உங்கள் கால்தடத்தைக் கழித்துவிட்டுப் பார்ப்பார்கள். மருத்துவமனையில் ரத்தத் துணியைப் பையில் போட்டு உறவுக்காரர் கையில் கொடுப்பது நடக்கும். நாற்றம் தாங்காமல் அதைக் குப்பையில் போட்டுவிடுகிறோம். போடாதீர்கள். கத்தி எந்த இடத்தில், எந்தப் பக்கமாக இறங்கியது என்பதற்கு அந்தத் துணியில் இருக்கிற கிழிசல் சாட்சி. பிளாஸ்டிக் பையில் ஈரத்தோடு கிடந்தால் நம் கடற்கரைக் காற்றுக்கு ஒரே நாளில் அழுகிப் பூஞ்சை பிடிக்கும், டி.என்.ஏ. சிதைந்துவிடும். நீங்களே உலர்த்தவும் வேண்டாம். அப்படியே போலீஸ் கையில் சேர்த்துவிடுங்கள், அவர்கள் நிழலில் உலர்த்திக் காகிதத்தில் கட்டுவார்கள். தீ வைத்துக் கொளுத்திய இடமாக இருந்தால் இதற்கு நேர் எதிர். மண்ணெண்ணெயும் பெட்ரோலும் காற்றில் பறந்துவிடும், அதனால் காற்றுப் புகாத டப்பாவில் அடைப்பார்கள். எதை எப்படிக் கட்டுவது என்பது அவர்கள் வேலை. தொடாமல் இருப்பது மட்டும் நம் வேலை.

உயிர் இல்லை என்றால், உடம்பின் மேல் புடவையோ போர்வையோ போர்த்தாதீர்கள். இதைச் சொல்ல எனக்கே நா வரவில்லை. நடுத்தெருவில் ஒரு பிள்ளை அப்படிக் கிடக்கும்போது மூடாமல் எப்படி இருப்பது? ஆனால் நம் வீட்டுப் போர்வையில் நம் வீட்டு முடியும் நூலும் இருக்கும், அது அவன் மேல் ஒட்டும், வெட்டியவனின் முடியோ நூலோ அவன் மேல் இருந்தால் அது போர்வையோடு வந்துவிடும். அதனால் மேலே போர்த்தாமல் சுற்றி மறையுங்கள். நம் எல்லா மன்றத்திலும் கூழ் வார்க்கும்போதும் பிள்ளையார் சதுர்த்திக்கும் கட்டுகிற சாமியானாத் துணி இருக்கிறது. நான்கு பேர் தள்ளி நின்று பிடித்தால் அதுவே திரை. கயிறும் இருக்கிறது. தெருவின் இரண்டு முனையிலும் கட்டிவிடுங்கள். போலீஸ் நாடா கட்டும் வரைக்கும் நம் கயிறு நிற்கட்டும். அரசியல்வாதி வந்தாலும், அதிகாரி வந்தாலும், சொந்தக்காரரே வந்தாலும் கயிற்றுக்கு வெளியே. அவனைப் பெற்றவள் வந்தால்? அவளைத் தடுக்க நமக்கு உரிமை இல்லை. இரண்டு பெண்கள் அவளைப் பிடித்துக்கொண்டு கூடவே நில்லுங்கள். அதற்கு மேல் என்னால் சொல்ல முடியவில்லை.

மழை வந்தால்? ஐப்பசியில் நம் தெருவில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று தெரியும். ரத்தப் பொட்டோ செருப்புத் தடமோ இருந்தால் அதன் மேல் படாமல் ஓர் அன்னக்கூடையைக் கவிழ்த்து வையுங்கள், மேலே தார்ப்பாயைப் பிடியுங்கள். கத்தியோ பாட்டிலோ கிடந்தால் எடுத்து ஓரமாக வைக்காதீர்கள், பிள்ளைகள் மிதித்துவிடும் என்றால் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கட்டும். வெடிக்காத நாட்டு வெடிகுண்டு கிடந்தால் அதன் பக்கமே போகாதீர்கள், தெருவையே காலி செய்யுங்கள்.

கடைக்கார அண்ணன்களே, உங்கள் கேமராப் பெட்டியில் பதிவு சில நாட்களில் தானாக அழிந்து மேலே புதுசு ஏறிவிடும். யாராவது கேட்கட்டும் என்று காத்திருக்காமல் அன்றைக்கே போலீஸிடம் சொல்லுங்கள். தம்பிகளே, கைபேசியில் எடுத்ததை வாட்ஸ்அப்பில் பரப்பாதீர்கள். அந்தப் பிள்ளையின் தங்கை அதைப் பார்ப்பாள். அப்படி அனுப்பும்போது படமும் சுருங்கி, எப்போது எடுத்தது என்கிற விவரமும் போய்விடும். அசல் உங்கள் போனிலேயே இருக்கட்டும், விசாரணை அதிகாரியிடம் காட்டுங்கள்.

பெண்களுக்கு மட்டும் தனியாக ஒன்று. நம் வீட்டுப் பெண்ணுக்கோ குழந்தைக்கோ பாலியல் கொடுமை நடந்துவிட்டால் நாம் முதலில் செய்வது குளிப்பாட்டுவது. தலையோடு தண்ணீர் ஊற்றித் துணியைத் துவைத்துவிடுகிறோம். என் வாளி மாதிரியே அதுவும் பாசத்தில் ஊற்றுகிற தண்ணீர்தான். குளிப்பாட்டாமல், போட்டிருந்த துணியோடு, உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். அரசு மருத்துவமனை, தனியார் மருத்துவமனை எதுவாக இருந்தாலும் இலவசமாகச் சிகிச்சை கொடுக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. குளித்து ஒருநாள் ஆகிவிட்டாலும் போங்கள், தாமதமாகிவிட்டது என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள்.

அந்த அம்மாவைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் அன்றைக்கு எங்கள் தெருவுக்கு வருவதற்கு முன் எங்கே இருந்தாரோ, எங்களை முடித்துவிட்டு எங்கே போனாரோ. நம் வெயிலில் உடல் எவ்வளவு சீக்கிரம் கெடும் என்று சொல்ல வேண்டியதில்லை. பூட்டிய வீட்டுக்குள் மூன்று நாள் கிடந்ததைக் கதவு உடைத்து உள்ளே போய், மூக்கைப் பொத்தாமல், புழுவைக்கூடச் சேகரிக்கிறவர்கள் அவர்கள். எத்தனை நாள் ஆனது என்று புழுவின் வளர்ச்சி சொல்லும். குழந்தைகள் இறந்த இடத்துக்கும் போகிறார்கள், வீட்டுக்குப் போய்த் தங்கள் பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிறார்கள். பல வருஷம் கழித்துக் கூண்டில் நின்று, அன்றைக்கு எடுத்த பஞ்சைப் பற்றி ஒவ்வொரு நிமிஷத்துக்கும் பதில் சொல்கிறார்கள். யார் கொடுத்தது, யார் முத்திரை வைத்தது, அரக்கு உடையாமல் வந்ததா என்று. அவர்களுக்கு யாரும் மாலை போட்டு நான் பார்த்ததில்லை. நாம் செய்யக்கூடியது சின்ன விஷயம்தான். விளக்குக்கு ஒரு பிளக் பாயின்ட் கேட்டால் கொடுங்கள். மொட்டை மாடியிலிருந்து படம் எடுக்க வேண்டும் என்றால் கதவைத் திறந்துவிடுங்கள். கை கழுவத் தண்ணீர், உட்கார ஒரு நாற்காலி. அவர்கள் மெதுவாகத்தான் வேலை செய்வார்கள். எதையும் தொடுவதற்கு முன்னால் தூரத்திலிருந்து ஒரு படம், கொஞ்சம் கிட்டே ஒரு படம், அளவுகோல் வைத்துப் பக்கத்தில் ஒரு படம் எடுக்க வேண்டும். ஒவ்வொரு பொருளுக்கும் கையுறை மாற்ற வேண்டும். தரையை நோண்டுகிறார்கள் என்று இனி யாராவது சொன்னால் நீங்கள் பதில் சொல்லுங்கள்.

அரசாங்கத்துக்குத் தனியாக எழுத வேண்டியது நிறைய இருக்கிறது, இங்கே ஒன்று மட்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிற பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்கிற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 176ஆவது பிரிவு, 7 வருஷமோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றம் என்றால் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கே வந்து தடயம் எடுக்க வேண்டும், அதை வீடியோவும் எடுக்க வேண்டும் என்கிறது. இதற்கு ஏற்பாடு செய்துகொள்ள மாநிலங்களுக்கு 5 வருஷம் கொடுத்திருக்கிறார்கள். வருகிறவர்கள் எண்ணிக்கையைக் கூட்டாமல் வர வேண்டிய இடங்களை மட்டும் கூட்டினால், பாவம் அந்த அம்மாக்கள்தான் ஓடுவார்கள். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருந்தால் ஆம்புலன்ஸே நிற்கிறது, மயிலாப்பூரிலிருந்து வருகிற வண்டி எந்நேரம் வந்து சேரும்? நம் பக்கத்திலேயே ஒரு குழு இருக்க வேண்டும். இதை நம் மன்றங்கள் எல்லாம் சேர்ந்து கையெழுத்துப் போட்டுக் கேட்க வேண்டும், நான் முதல் கையெழுத்துப் போடுகிறேன்.

எல்லாம் முடிந்து அதிகாரி 'இனிமே கழுவலாம்' என்று சொன்ன பிறகு, யார் கழுவுவது? இப்போதெல்லாம் இறந்தவர் வீட்டார்தான் கழுவுகிறார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவளே துடைப்பம் எடுப்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்த வேலையை நாம் எடுத்துக்கொள்வோம். கையுறை போட்டுக்கொண்டு, பிளீச்சிங் பவுடர் போட்டு, தெருவே சேர்ந்து கழுவுவோம். அன்றைக்கு நான் செய்ய நினைத்தது அதைத்தான். நேரம்தான் தப்பாகப் போனது.

இந்த ஆடிக்குக் கூழ் ஊற்றி முடித்ததும், எங்கள் தெரு மகளிர் குழுவில் பேசி, சாமியானாத் துணியில் இரண்டையும் ஐம்பது அடிக் கயிறு இரண்டு சுருளையும் தனியாக எடுத்து வைத்திருக்கிறோம். எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. கூடவே மூன்று அன்னக்கூடை, ஒரு தார்ப்பாய், ஒரு டார்ச்சு. அக்கம்பக்கத்துத் தெருக்காரர்கள் யாருக்குத் தேவைப்பட்டாலும், ராத்திரி எந்நேரமாக இருந்தாலும், வந்து கதவைத் தட்டுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தெருக்காரி ஒருத்தி,
கொருக்குப்பேட்டை